இணைச்செயலாளரின் தொண்டை

தொண்டை டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க? நிறையப் பேசற வேலையா?" என்று கேட்டார்.

தபால் அக்கா யோசித்தாள். ரயில் டிக்கெட் கவுண்டரிலிருந்து ஓய்வு பெற்று வருடக்கணக்காகிவிட்டது. இப்போது அவளுக்கு இருப்பது ஒரே பதவி, மகளிர் நல்வாழ்வுச் சங்கத்தின் இணைச்செயலாளர். அந்தப் பதவியில் என்ன வேலை என்று வெளியாளுக்குச் சொல்லிப் புரியவைத்ததாகச் சரித்திரமே இல்லை.

"நான் பேசறதே இல்ல டாக்டர்," என்றாள் கரகரத்த குரலில். "மத்தவங்க பேசறதைத்தான் பேசறேன்."

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குரல் நாணில் ஒரு கட்டி இருக்கிறது, அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், நல்லதா கெட்டதா என்று அப்போதுதான் தெரியும் என்றார். இந்த நிமிடத்திலிருந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது, அது இன்னும் மோசம். கட்டியை எடுத்த பிறகும் புண் ஆறும்வரை வாயைத் திறக்கக் கூடாது. மீறினால் குரல் திரும்பி வரும் என்று அவரால் உறுதி சொல்ல முடியாது.

இப்படிச் சொன்னால் யாருக்கும் உயிர்ப்பயம்தான் முதலில் வரும். தபால் அக்காவுக்கு, 'ஐயோ, அண்ணிகள் ரெண்டு பேரும் என்ன பண்ணுவாங்க?' என்ற கவலைதான் முதலில் வந்தது. படியிறங்கி வீதிக்கு வந்த பிறகுதான் உயிர்ப்பயம் வந்தது. வரிசை மாறி வந்ததை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

அவளுக்கு இரண்டு அண்ணன்கள். பெரிய அண்ணனின் மனைவி பெரியண்ணி, சங்கத்தின் தலைவி. சின்ன அண்ணனின் மனைவி சின்னண்ணி, சங்கத்தின் செயலாளர். இருவரும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்தார்கள். தபால் அக்காவுக்கு மாடிப்படி திரும்பும் இடத்தில் ஓர் அறை. அண்ணிகள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மேலிருந்து கீழே போக வேண்டிய சேதியும் கீழிருந்து மேலே வர வேண்டிய சேதியும் அந்த அறை வாசலில்தான் கைமாறின. அவளுக்கு அந்தப் பெயர் வந்ததும் அப்படித்தான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

சங்கம் பிறந்த கதை பொன்விழா மலரில் ஒரு பக்கத்துக்கு வந்திருக்கிறது. 'சமூக நலனில் அக்கறை கொண்ட குடும்பப் பெண்மணிகள் சிலர் ஒன்றுகூடி' என்று ஆரம்பிக்கிறது. ஒன்றும் கூடவில்லை. நடந்தது வேறு.

சின்னண்ணியின் தலைப்பிள்ளைக்கு ஒரு வயதில் காய்ச்சல் வந்தது. அண்ணன்கள் இருவரும் வேலையாக வெளியூர் போயிருந்தார்கள். வெளியே நல்ல மழை. சின்னண்ணிக்கு அப்போது சின்ன வயது, பயந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். பெரியண்ணி இரண்டு பெற்றவள். நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சாதாரணக் காய்ச்சல்தான். காலைல பாத்துக்கலாம்" என்றாள். காலையில் பார்த்தபோது குழந்தைக்குக் கண் சொருகியிருந்தது. மூளைக் காய்ச்சல் என்றார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான், ஆனால் இடது காது போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியண்ணி நின்றாள், சின்னண்ணி நின்றாள், இருவருக்கும் நடுவில் அப்போதுதான் பள்ளிப்படிப்பு முடித்திருந்த நாத்தனார் நின்றாள். சின்னண்ணி நாத்தனாரைப் பார்த்து, "இனிமே இவங்க வாய்ச்சொல்லை நான் நேரா கேக்க மாட்டேன். ஏதாவது சொல்லணும்னா உன்கிட்ட சொல்லச் சொல்லு" என்றாள்.

பெரியண்ணி, "மன்னிச்சுக்கச் சொல்லு" என்றாள். ஓரடி தூரத்தில் நின்றவளிடம் நாத்தனார் திரும்பி, "மன்னிச்சுக்கச் சொல்றாங்க" என்றாள். "கேட்டாச்சுன்னு சொல்லு" என்றாள் சின்னண்ணி. அதையும் சொன்னாள். நாலு நாளில் சரியாகிவிடும் என்றுதான் அவள் நினைத்தாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் பெரியண்ணி கடைவீதிக் கோடியில் குடை பழுது பார்க்கும் கடையொன்று காலியானதைப் பிடித்து, இரண்டு பெஞ்சு போட்டு, தெர்மாமீட்டர் வாங்கி வைத்துவிட்டாள். அந்த அறையின் சட்டம் எளிது. காய்ச்சல் என்று யார் வந்தாலும் அளந்து பார்க்க வேண்டும். மருந்து தரக் கூடாது, கருத்துச் சொல்லக் கூடாது. கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், டாக்டர் பார்க்கும்வரை கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். சின்னண்ணியையும் அதில் சேரும்படி நாத்தனார் வழியாகச் சொல்லி அனுப்பினாள். சின்னண்ணி உடனே சேர்ந்தாள். "நான் இல்லன்னா இவங்க மறுபடி யாருக்காவது காலைல பாத்துக்கலாம்னு சொல்லிடுவாங்க" என்பது அவள் சொன்ன காரணம். அதை மேலிருந்து கீழே கொண்டுபோனபோது தபால் அக்கா, "சேர்ந்துக்கறாங்களாம்" என்று மட்டும் சொன்னாள். தபாலை இடையில் பிரித்து வேண்டாததை எடுத்துப் போட்டது அன்றுதான் முதல்முறை.

ஊரில் அதைக் காய்ச்சல் சங்கம் என்றார்கள். கேலியாகத்தான் சொன்னார்கள், ஆனால் வந்தார்கள். பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது, வீட்டுக்காரர் ஊரில் இல்லை, மாமியார் கஷாயம் போதும் என்கிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வரும் பெண்களுக்கு அங்கே கைவசம் வழி இருந்தது. அந்த மாமியாரைவிட வயதில் மூத்த உறுப்பினர் ஒருத்தியை அனுப்பிவைப்பார்கள். மாமியார்கள் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. எத்தனை பிள்ளைகள் அப்படிப் பிழைத்தார்கள் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. அவர்களில் பலர் இன்றைக்குத் தாங்களே மாமியாராகி, கஷாயம் போதும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோதுதான் வம்பு வந்தது. தலைவியும் செயலாளரும் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது பொதுவான விதி. "இவங்க பேசிக்க மாட்டாங்களே" என்றாள் நாத்தனார். பதிவு அலுவலக குமாஸ்தா தன் சர்வீசில் இப்படி ஒரு சங்கத்தைக் கண்டதில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, ஒரு விதியை அவரே எழுதிச் சேர்த்தார். 'தலைவிக்கும் செயலாளருக்கும் இடையிலான கருத்துப் பரிமாற்றம் யாவும் இணைச்செயலாளர் வழியாக, வாய்மொழியாக மட்டுமே நடைபெறும்.'

அந்த விதி நன்றாக வேலை செய்தது. கூட்டத்தில் ஒரே மேசையின் இந்த முனையில் பெரியண்ணி, அந்த முனையில் சின்னண்ணி, நடுவில் தபால் அக்கா. பேசுவது எல்லோருக்கும் கேட்கும். ஆனால் காதில் விழுந்ததற்குப் பதில் சொல்லக் கூடாது. தபால் அக்கா சொன்னதற்குத்தான் பதில்.

"வேன் வாங்கணுமாமே? அவளுக்குப் புத்தி கெட்டுப் போச்சான்னு கேளு."

"தலைவி அவங்க இதை மறுபடி யோசிக்க முடியுமான்னு கேக்கறாங்க."

"சாகற காலத்துலயும் கஞ்சத்தனம் போகலையான்னு கேளு."

"செயலாளர் தலைவியோட சிக்கனத்தைப் பாராட்டறாங்க. ஆனாலும் வேன் வேணுங்கறாங்க."

"சரி, பாராட்டினதுக்கு நன்றி சொல்லு. வேன் வாங்கிக்கச் சொல்லு."

வேன் வந்தது. அதை ஓட்டுவது இடது காது போன அந்தப் பிள்ளைதான். இப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. பெரியம்மா என்றால் அவனுக்கு உயிர். வண்டியைத் துடைத்துக்கொண்டே, "நம்ம வீட்டுல ஒரு காதே அதிகம் அத்தை" என்பான்.

பிற ஊர்களிலும் கிளைகள் வந்தன. நன்றாக நடக்கும் சங்கம் என்று விதிகளை அப்படியே நகல் எடுத்துக்கொண்டு போனார்கள், குமாஸ்தா எழுதிய விதி உட்பட. ஒரு கிளையில் தலைவியும் செயலாளரும் சிறு வயதுத் தோழிகள். கைகோத்துக்கொண்டு கூட்டத்துக்கு வருவார்கள், மேசையில் உட்கார்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இணைச்செயலாளர் வராத நாளில் ஜன்னலைச் சாத்தச் சொல்லக்கூட வழியில்லாமல் நனைந்தார்கள். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், அதிகாரம் ஓரிடத்தில் குவியாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யார் சொல்லி அதை மாற்றுவது?

பெரிய அண்ணன் இறந்த அன்று சின்னண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்து, பெரியண்ணியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். அழுதாள். பிறகு தலையைத் தூக்கி, "வருத்தமா இருக்குன்னு சொல்லு" என்றாள். தபால் அக்கா தன் அண்ணனின் உடலுக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் சொன்னாள். சின்ன அண்ணன் போனபோது அதே வாசகம் எதிர்த்திசையில் போயிற்று. அண்ணன்கள் இருவருக்காகவும் அழ அவளுக்கு முழுதாக ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. அதற்காக அவளுக்கு இரண்டு அண்ணிகள் மேலும் கோபம் உண்டு. அதைக் கொண்டுபோய்ச் சொல்ல அவளுக்குத் தபால்காரர் யாரும் இல்லை.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வரன் வந்தது. சர்வேயர், நல்ல மாதிரி, அவளுக்கும் பிடித்திருந்தது. பெரியண்ணிக்குப் பிடித்திருந்தது, சின்னண்ணிக்கும் பிடித்திருந்தது. ஆனால் மற்றவளுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் இருவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மேலும் கீழுமாகக் கேள்விகளைத் தன் வாயாலேயே சுமந்து அவள் ஏறி இறங்கி முடிப்பதற்குள் சர்வேயருக்கு மாற்றல் ஆகிவிட்டது. அவளுக்கு வலித்தது. பல வருடம் வலித்தது.

டாக்டரைப் பார்த்து வந்த அன்று அவள் ஒரு சிலேட்டு வாங்கினாள். விஷயத்தை எழுதிக் கீழே காட்டினாள். பெரியண்ணி படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவளுக்குத் தெரியுமா?" என்றாள். அதே சிலேட்டை மேலே கொண்டுபோய்க் காட்டினாள். சின்னண்ணி அழுதுவிட்டு, "அவங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தபால் அக்கா இரண்டு இடத்திலும் தலையை ஆட்டினாள்.

அந்த வாரக் கூட்டத்தில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அறுவைச் சிகிச்சையின்போது இணைச்செயலாளருக்கு யார் துணை இருப்பது? ஆஸ்பத்திரியில் யாரையும் தனியாக விடக் கூடாது என்பது சங்கத்தின் பிடிவாதம்.

"நான்தான் இருப்பேன்னு சொல்லு," என்றாள் பெரியண்ணி.

தபால் அக்கா சிலேட்டில் எழுதிச் சின்னண்ணி பக்கம் திருப்பினாள். பொருளாளர் எழுந்து நின்றாள். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவள், விதி டீச்சர் என்று பெயர். "மன்னிக்கணும். வாய்மொழியாக மட்டுமேன்னு விதியில இருக்கு. எழுத்து செல்லாது" என்றாள்.

பெரியண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் இருப்பேன்" என்றாள். சின்னண்ணி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் இருப்பேன்" என்றாள். விதிப்படி இரண்டுமே யார் காதிலும் விழவில்லை. கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

ஆகவே இருவருமே வந்தார்கள்.

கட்டியை எடுத்த மறுநாள் பிற்பகல். சின்ன அறை, ஒரு கட்டில், இருபுறமும் நாற்காலிகள். இந்தப் பக்கம் பெரியண்ணி, அந்தப் பக்கம் சின்னண்ணி. மேசை போய்க் கட்டில் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று தபால் அக்கா நினைத்துக்கொண்டாள். அவளுக்குக் குளிர்ந்தது. போர்வையை இழுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் பல் கிட்டிக்கொள்ள ஆரம்பித்தது.

நர்ஸ் வந்து அளந்து பார்த்தாள். "லேசான காய்ச்சல். ஆபரேஷன் ஆனா இப்படித்தான் இருக்கும். சாயங்காலம் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பாப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு பெரியண்ணி, இத்தனை வருடத்தில் தன் சங்கத்துக்கு வந்த எந்தப் பிள்ளையின் நெற்றியையும் தொடாதவள், கையை நீட்டித் தபால் அக்காவின் நெற்றியில் வைத்தாள்.

"தபாலு, அவகிட்டச் சொல்லு..." என்று ஆரம்பித்தாள்.

பழக்கம் யாரை விட்டது? தபால் அக்கா சின்னண்ணி பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

"பேசாத!" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. சங்கத்தின் வரலாற்றில் இருவரும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு அது.

நெற்றியில் இருந்த கையைப் பெரியண்ணி எடுக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்த சின்னண்ணி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள்.

"அக்கா," என்றாள்.

பெரியண்ணி நிமிரவில்லை. தன்னைத்தான் கூப்பிட்டது என்று அவளுக்கு உறைக்கவில்லை.

"அக்கா, உங்களைத்தான். கொதிக்குதா? டாக்டரை இப்பவே கூப்பிடணுமா, சாயங்காலம் வரைக்கும் பாக்கலாமா? நீங்க சொல்லுங்க."

பெரியண்ணியின் வாய் கோணியது. "என்னை ஏண்டி கேக்கற? என்னைப் போய்க் கேக்கறியே. எனக்குத் தெரியலடி. அன்னைக்கும் தெரியாமத்தானே சொன்னேன்."

"எனக்கும் அன்னைக்குத் தெரியலக்கா," என்றாள் சின்னண்ணி. "நான் பெத்தவ. எனக்கே தெரியாமத்தானே உங்ககிட்டத் தூக்கிட்டு வந்தேன். தெரிஞ்சிருந்தா நீங்க என்ன சொன்னாலும் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டேனா?"

தபால் அக்காவுக்குக் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் வழிந்தது. இதை அவள் ஒருநாளும் கொண்டுபோனதில்லை. எத்தனையோ இனிப்பு தடவியிருக்கிறாள், இல்லாத பாராட்டையெல்லாம் கற்பித்திருக்கிறாள். இது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் இருவரும் எழுந்து நர்ஸ் மேசைக்குப் போனார்கள். டாக்டர் வரும்வரை இங்கேயே நிற்போம் என்று பெரியண்ணி சொன்னது அறைவரை கேட்டது. "நிப்போம்" என்று சின்னண்ணியும் சொன்னாள். காய்ச்சல் சங்கத்தார் நிற்போம் என்றால் நிற்பார்கள் என்று அந்த ஆஸ்பத்திரிக்கே தெரியும். டாக்டர் வந்தார், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று மருந்தை மாற்றினார். பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

பரிசோதனை முடிவும் வந்தது. கெட்ட கட்டி இல்லை. வேனில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை அன்று வழி முழுக்கச் சீட்டியடித்தான்.

ஆனால் வீட்டில் அமைதி போயிற்று. அண்ணிகள் பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவில்லை. பதில் சொல்லப்படாமல் காதில் தங்கிப்போன அரை நூற்றாண்டு வசவு பாக்கியிருந்தது. "புத்தி கெட்டுப் போச்சான்னு கேட்டீங்களே, அந்த வேன் இல்லாம என்ன பண்ணியிருப்பீங்க?" என்று மேலே ஆரம்பித்தால், "நீ கஞ்சம்னு சொன்னதை மறந்துட்டேன்னு நெனச்சியா?" என்று கீழிருந்து வரும். மாடிப்படியில் ஏறி இறங்கிச் சண்டை போட்டு இருவருக்கும் முழங்கால் வலி வந்தது. தைலம் ஒரே புட்டியில் இருந்து தேய்த்துக்கொண்டார்கள். ஒருநாள் பிற்பகல் தபால் அக்கா கதவைத் திறந்து பார்த்தபோது, அவள் அறை வாசல் படியில் இருவரும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சங்கக் கூட்டத்தில் மட்டும் விதி விதிதான் என்று விதி டீச்சர் நின்றாள். இணைச்செயலாளருக்குப் பேச்சு வரும்வரை தற்காலிகமாக நேரில் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை கொடுத்தாள்.

புண் ஆறியது. மறுபடி டாக்டரிடம் போனார்கள். அண்ணிகள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உள்ளே டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார்.

"பிரமாதமா ஆறியிருக்கு. இன்னைலேர்ந்து நீங்க பேசலாம். மெதுவா ஏதாவது பேசிக் காட்டுங்க."

கதவுக்கு வெளியே பெரியண்ணியின் குரல் ஏறியது, சின்னண்ணியின் குரல் அதன் மேல் ஏறியது, பிறகு இரண்டும் சேர்ந்து எதற்கோ சிரித்தன. அதை அவள் முழுக்கக் கேட்டாள்.

"டாக்டர்," என்றாள். குரல் நன்றாகவே வந்தது, கரகரப்பே இல்லை. தன் குரல் இவ்வளவு இதமானது என்று அவளே மறந்துவிட்டிருந்தாள். "வெளிய ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. எனக்குக் குரல் இனிமே வராதுன்னு அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "வந்திடுச்சேம்மா. எதுக்குப் பொய் சொல்லணும்?"

"நான் பேச ஆரம்பிச்சா அவங்க நிறுத்திடுவாங்க."

டாக்டர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.